சங்கரதாஸ் சுவாமிகள்: மேடையடியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நாடகம் பார்ப்பது எனக்கு இளமை முதல் பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும், நாடகத்தைப் பாடமாக எடுத்துப் படிக்கும் பிள்ளைகளும், வெளியூரிலிருந்து வந்த நண்பர்களும் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

சங்கரதாஸ் சுவாமிகள் யாருங்க? சாமியாரா, நடிகரா?

நடிகர், நாடக ஆசிரியர், பாடலாசிரியர், நடிகர்களைப் பழக்கிய வாத்தியார் என்று நான்கு வேலைகளையும் ஒருங்கே செய்தவர். 1867 முதல் 1922 வரை வாழ்ந்தார். தமிழ் நாடக மேடைக்கு எழுத்து வடிவில் பாடம் (நாடகப் பிரதி) வேண்டும், நடிகர் அந்தப் பாடத்தை மதித்து நடிக்க வேண்டும் என்ற ஒழுங்கைத் தொழில்முறை நாடகத்திற்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதனாலேயே ‘தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்’ என்று அவரை அழைக்கிறார்கள்.

சாமியாரா என்ற கேள்வியும் தவறானதன்று. சில காலம் துறவியாகவே திரிந்தவர் அவர். அதைக் கீழே சொல்கிறேன்.

எந்த ஊர்க்காரர்? என்ன படிச்சார்?

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7 அன்று பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரன் இராமாயணத்தில் தேர்ந்த புலமை உடையவர். ‘இராமாயணப் புலவர்’ என்றே ஊரார் அவரைக் குறிப்பிட்டார்கள். முதல் தமிழ்க் கல்வி தந்தையிடமே கிடைத்தது. பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணமும் யாப்பும் கற்றார். பின்னாளில் பெயர் பெற்ற உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே அவருடைய ஒருசாலை மாணவர்.

இந்தக் கல்வியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாடக மேடைக்கு அந்நாளில் வந்தவர்களில் பலர் குரலை நம்பி வந்தவர்கள். இவர் வெண்பாவும் விருத்தமும் வண்ணமும் கைவந்த புலவராக வந்தார். நடிகர் மூச்சு வாங்கும் இடத்தையும் அறிந்தவர், தளை தட்டும் இடத்தையும் அறிந்தவர் என்ற இரட்டைத் தகுதி அவரிடம் அமைந்தது.

கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர் எப்படி நாடகத்துக்கு வந்தார்?

தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் என்பது உண்மை. 24 வயதில், 1891ஆம் ஆண்டு வாக்கில், அந்த வேலையை விட்டுவிட்டு இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் நாடக சபையில் சேர்ந்தார். அதே 1891இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். தமிழ் நாடகத்தின் இரண்டு வேறு பாதைகள் ஒரே ஆண்டில் புறப்பட்டிருக்கின்றன. வேண்டுமென்றே பொருத்தி வைத்தது போல இருக்கிறது.

மாதச் சம்பளத்தை விட்டு நாடகத்திற்குப் போவது என்பது அன்று குடும்பத்திற்குப் பெருமை தரும் செய்தி அன்று. ‘கூத்தாடி’ என்ற சொல் வசையாகவே வழங்கிய காலம் அது.

அவர் கதாநாயகனா நடிச்சாரா?

இல்லை. அவருடைய பெயர் பேசப்பட்டதெல்லாம் இராவணன், இரணியன், எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில்தான். உடற்கட்டும் கனத்த குரலும் அதற்கு ஏற்றவையாக இருந்தன. ராஜபார்ட்டுக்கு, அதாவது கதாநாயக வேடத்துக்கு, வேண்டிய இழைந்த குரல் வேறு. எமன் வாயிலைத் தாண்டி உள்ளே நுழையும்போது கொட்டகையை அடக்கும் குரல் வேறு. இவருடையது இரண்டாவது வகை.

பிறகு சாமி நாயுடுவின் சபையில் சூத்திரதாரராகவும் ஆசிரியராகவும் இருந்தார். சூத்திரதாரர் என்பவர் நாடகத்தைத் தொடங்கி வைத்து, கதையை இணைத்து, யார் எப்போது வர வேண்டும் என்பதை மேடையிலேயே நின்று நடத்துகிறவர். நடிகர் ஆசிரியராக மாறும் படி அதுதான் என்பது என் எண்ணம். தன் வேடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் அங்கிருந்து முழு நாடகத்தையும் பார்க்கத் தொடங்குகிறார்.

அவரோட சனீஸ்வரன் வேஷத்தைப் பார்த்து ஒரு பெண் செத்தே போயிட்டாராமே, நிஜமா?

நாடகக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் செய்தி இது. நளதமயந்தி நாடகம் முடிந்த விடியற்காலையில், சனீஸ்வரன் வேடத்தைக் கலைப்பதற்காகச் சுவாமிகள் குளத்துக்குப் போனார். துணி வெளுக்க வந்த பெண் ஒருத்தி அந்த இருட்டில் திடீரென்று அந்த உருவத்தைக் கண்டு அதிர்ச்சியில் உயிர் நீத்தாள். அதற்கு முன்பே சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் தோன்றியபோது கர்ப்பிணி ஒருத்திக்குக் கருக்கலைந்ததும் உண்டு. மனம் நொந்த சுவாமிகள் அன்றோடு வேடம் கட்டுவதை நிறுத்திக்கொண்டார் என்பது கதை.

கேட்பவர்கள் இதை அவருடைய நடிப்பின் வலிமைக்குச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு. உடலெங்கும் கருப்புப் பூசி, கண்ணைச் சுற்றிச் சிவப்புத் தீட்டி, இரவு முழுவதும் வியர்த்து, வேடம் கலைக்கக் குளத்தைத் தேடிப் போன நடிகரின் நிலையும் அந்தக் கதைக்குள் இருக்கிறது. கொட்டகைக்கு உள்ளே கைதட்டல் வாங்கிய அதே முகம், வெளியே ஒருத்திக்கு எமனாகவே ஆகிவிடுகிறது. அப்படி ஒரு குற்ற உணர்வு வந்தால் மனிதர் வேடத்தை விட்டு எழுத்துக்குப் போவதில் வியப்பில்லை.

அப்போ ‘சுவாமிகள்’ங்கிற பேர் எங்கிருந்து வந்தது?

சாமி நாயுடுவின் சபையை விட்டு விலகிய பிறகு, பற்றற்ற மனநிலையில், கோவணாண்டியாகக் கோயில் கோயிலாக யாத்திரை சென்றார். அந்தக் கோலத்தில் பார்த்த மக்கள் சங்கரதாஸ் சுவாமிகள் என்று அழைக்கத் தொடங்கி, அதுவே நிலைத்துவிட்டது. மடத்தின் பட்டமோ, தீட்சைப் பெயரோ அன்று. திரும்ப நாடகத்திற்கு வந்த பிறகும் அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

பாட்டு, தாளமெல்லாம் எங்கே கத்துக்கிட்டார்?

யாத்திரையின் போது புதுக்கோட்டைக்கு வந்தார். அங்கே கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய வாத்தியமாக உயர்த்திய மான்பூண்டியா பிள்ளையைச் சந்தித்தார். லயத்தில் அவருக்கு நிகர் அவரே என்று இசை உலகம் ஒப்புக்கொண்டவர் பிள்ளை. அவர் சுவாமிகளைச் சுவீகாரப் பிள்ளையாகவே ஏற்று, தாள நுணுக்கங்களைக் கற்றுக்கொடுத்து, மறுபடியும் நாடகத்தின் பக்கம் திருப்பி விட்டார்.

அதற்குப் பிறகு சுவாமிகள் எழுதிய பாடல்களில் புதுக்கோட்டை நன்றாகவே கேட்கும். அருணகிரிநாதர் வழி வந்த சந்தமும் வண்ணமும் ஒருபுறம்; கும்மி, சிந்து, கண்ணி போன்ற எல்லார்க்கும் பழகிய மெட்டுகள் ஒருபுறம்; பார்சி நாடகக் கம்பெனிகள் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டுகள் இன்னொருபுறம். இவை எல்லாவற்றையும் ஒரே நாடகத்திற்குள், ஒரே இரவில், ஒரே ஆர்மோனியத்தின் மேல் அவர் உட்கார வைத்தார். தாளம் தவறாத நடிகர் மட்டுமே அவற்றைப் பாட முடியும். தாளம் தெரியாதவர் இரண்டாவது அடியிலேயே மாட்டிக்கொள்வார்.

மொத்தம் எத்தனை நாடகம் எழுதினார்? சிலர் 40ங்கிறாங்க, சிலர் 68ங்கிறாங்க.

இரண்டு எண்களும் புழக்கத்தில் உள்ளன. நாடகப் பாடம் அக்காலத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டு, கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டது. அது அந்தக் கம்பெனியின் சொத்து. பக்கத்துக் கம்பெனிக்குப் போனால் வசூல் போய்விடும். அதனால் ஒரே கதைக்கு வெவ்வேறு கம்பெனிகளில் வெவ்வேறு தலைப்புகள் வந்தன; அவர் முழுதும் புதிதாக எழுதியவை, பழைய நாடகத்தைத் திருத்தியவை, பாட்டு மட்டும் எழுதிக் கொடுத்தவை எல்லாம் கலந்துவிட்டன. எதை அவருடைய நாடகம் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துத் தொகை ஏறவும் இறங்கவும் செய்யும்.

பெயர் சொன்னால் எல்லாரும் அறிந்தவை: வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி, சதி சுலோசனா, சதி அனுசூயா, பிரகலாதன், இலவகுசா, நல்லதங்காள், அபிமன்யு சுந்தரி, ஞானசௌந்தரி.

எல்லாமே பழைய புராணக் கதைதானே? இவர் சொந்தமா என்ன செஞ்சார்?

முதலில் ஒரு திருத்தம். எல்லாம் புராணம் அன்று. ஞானசௌந்தரி கிறித்தவப் பின்னணி கொண்ட கதை. நல்லதங்காள் பஞ்சத்தில் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிய தாயின் நாட்டார் கதை. வடமொழி மிருச்சகடியையும் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டையும் கூட அவர் தமிழ் மேடைக்கு ஏற்ப எழுதினார்.

இனி, பழைய கதைகளுக்குள் அவர் செய்தது என்ன என்பது. வள்ளி கதையையே பார்ப்போம். கந்தபுராணத்தில் நாரதர் தினைப்புனத்தில் வள்ளியைக் கண்டு, அவள் அழகை முருகனிடம் போய்ச் சொல்லும் தூதர். அவ்வளவே அவருடைய வேலை. மேடையில் அவர் பரணுக்குக் கீழே நின்று வள்ளியோடு நேருக்கு நேர் வாதிடுகிறார். பெண் திருமணம் செய்துகொள்ள வேண்டுமா, கன்னியாகவே இருக்கலாகாதா, இல்லறமா துறவறமா என்று கேள்வியும் மறுகேள்வியுமாக அந்தத் தர்க்கம் வளர்கிறது. கவண் கையிலிருக்க ‘ஆலோலம்’ பாடிக் குருவி விரட்டும் பெண், முனிவருக்குச் சரிக்குச் சரியாக நியாயம் பேசுகிறாள். காவியத்தில் சில வரிகளில் கடந்துபோகும் இடத்தை, இரண்டு நடிகர்கள் தங்கள் திறமை முழுவதையும் காட்டும் களமாக அவர் விரித்துக் கொடுத்தார்.

கதை என்னவென்று முன்பே தெரிந்த கூட்டம் அது. ‘அடுத்து என்ன நடக்கும்’ என்பதற்காக யாரும் வரவில்லை. ‘அதை எப்படிச் சொல்லப் போகிறார்கள்’ என்பதற்காக வந்தார்கள். சுவாமிகள் எழுதியது அந்த ‘எப்படி’யைத்தான்.

ஒரே ராத்திரியில ஒரு முழு நாடகத்தையும் எழுதினாராமே?

அபிமன்யு சுந்தரியைச் சொல்கிறார்கள். இதைப் பதிவு செய்தவர் அப்போது அவரிடம் சிறுவனாகப் பாடம் கற்றுக்கொண்டிருந்த டி. கே. சண்முகம். இரவு விளக்கை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தவர், காலையில் பிள்ளைகள் எழுந்து பார்க்கும்போது பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் முடித்து வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது அந்தச் செய்தி.

நம்பக்கூடியதுதானா என்று சிலர் இழுக்கிறார்கள். இராமாயணப் புலவர் வீட்டில் வளர்ந்து, யாப்பில் பழகி, பத்துப் பதினைந்து கம்பெனி நாடகங்களின் காட்சி அமைப்பு மனத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அபிமன்யு கதையும் தெரிந்தது, நடிக்கப் போகும் பிள்ளைகளின் குரலும் தெரிந்தது. எந்தப் பையனுக்கு எந்தச் சுருதி எட்டும் என்பதை அறிந்து எழுதுகிறவர், வெற்றுத் தாளிலிருந்து தொடங்குவதில்லை.

பெரிய நடிகர்களை விட்டுட்டு ஏன் சின்னப் பசங்களை வெச்சு நாடகம் போட்டார்?

பெரிய நடிகர்கள் படுத்திய பாடுதான் காரணம். வேடப் பெயரே பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர் போன்றோரின் சபைகளிலும், பி. எஸ். வேலு நாயரின் சபையிலும் ஆசிரியராக இருந்தபோது அவர் கண்டது இது: எழுதிக் கொடுத்த பாடத்தை யாரும் அப்படியே பேசுவதில்லை. கைதட்டல் வந்தால் காட்சி நீளும். எதிரே நிற்பவரை மடக்குவதற்காகக் கதைக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளைக் கிளப்புவார்கள். தர்க்கம் சில நேரம் மேடையிலேயே சொந்தச் சண்டையாக முடியும்.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை என்ற பெயரில் சொந்தமாகவே ஒரு சபை நடத்தினார். பெயரிலேயே வள்ளலாரின் நிழல் தெரிகிறது. பிறகு ஜெகன்னாத ஐயரின் பாலர் கம்பெனியில், அதாவது சிறுவர்களே நடிக்கும் சபையில், ஆசிரியரானார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா அமைந்தபோது அதன் ஆசிரியர் அவரே. ஆறேழு வயதுப் பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, அங்கேயே உண்டு உறங்கி, காலை முதல் பாடம் உருப்போட்டார்கள். வாத்தியார் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் அதைத் திரும்பச் சொல்ல, சொல்லின் ஏற்ற இறக்கத்தோடும் கையசைவோடும் சேர்த்தே நாடகம் மனப்பாடமாகும். அவர்கள் வாயிலிருந்து ஒரு சொல் கூடக் கூடாது, குறையவும் கூடாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அடி உண்டு. வீட்டை விட்டுப் பிரிந்த ஏக்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக மகரக்கட்டு உண்டு. நேற்று வரை ஸ்திரீபார்ட்டில் (பெண் வேடத்தில்) கொட்டகையை மயக்கிய பையனுக்குக் குரல் உடைந்துவிட்டால், கம்பெனியில் அவனுக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுந்துவிடும். பாலர் கம்பெனிகளைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

கிட்டப்பா, டி. கே. எஸ். சகோதரர்கள் எல்லாம் இவர் சிஷ்யர்கள்தானா?

ஆம். எஸ். ஜி. கிட்டப்பா சமரச சன்மார்க்க சபையில் சிறுவனாகப் பயின்றவர். டி. கே. எஸ். சகோதரர்களில் சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய மூவரும் 1918இல் மதுரை பால சபாவில் சேர்ந்தார்கள். 1912இல் பிறந்த சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. 1925இல் அவர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கிய பிறகும், தங்கள் ஆசிரியரைப் பற்றிப் பேசாத மேடை இல்லை.

நாம் இன்று சுவாமிகளைப் பற்றி அறிந்தவற்றில் பெரும்பகுதி சண்முகத்தின் நினைவின் வழியே வந்தது. ஆகவே அது மாணவன் வரைந்த ஆசிரியர் உருவம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

அந்தக் காலத்துல பெண்களே நடிக்கலையா?

நடித்தார்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட கம்பெனியை நடத்திப் பெரும்புகழ் பெற்றார். பாலர் கம்பெனிகளில்தான் எல்லா வேடங்களும் பையன்களுக்குப் போயின. பிறகு, நடிகர்கள் கம்பெனி இல்லாமல் தனித்தனியே வந்து சேர்ந்து நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் பெண்கள் ஸ்திரீபார்ட் ஏற்பது வழக்கமாயிற்று, கே. பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் சேர்ந்து நடித்த வள்ளி திருமணமும் கோவலனும் அந்த வகையைச் சேர்ந்தவை.

மதுரையில போய் ‘மாபாவிகள் வாழும் மதுரை’ன்னு பாட்டு வெச்சு மாட்டிக்கிட்டாராமே?

கோவலன் சரித்திரத்தில், சிலம்பு விற்கப் புறப்படும் கோவலனைக் கண்ணகி தடுத்துப் பாடும் இடம். ‘மாபாவியோர் கூடி வாழும்’ ஊர் என்று மதுரையைச் சொல்லிவிடுகிறாள். மதுரையிலேயே நாடகம் நடந்தபோது, பாண்டித்துரைத் தேவர் உள்ளிட்ட தமிழறிஞர்கள் அமர்ந்திருந்த அவையில், இதென்ன எங்கள் ஊரை இப்படி ஏசுவது என்று எதிர்ப்புக் கிளம்பியதாம். சுவாமிகள் மேடைக்கு வந்து, மா என்றால் திருமகள், பா என்றால் கலைமகள், வி என்றால் மலைமகள். மூவரும் கூடி வாழும் மதுரை என்றுதான் பாடியிருக்கிறேன் என்று விளக்க, அவை கைதட்டி ஏற்றுக்கொண்டதாம்.

இந்தக் கதையை எல்லாரும் சுவாமிகளின் சாதுரியத்துக்காகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த விளக்கம் பாட்டைக் கெடுத்துவிடுகிறது. மூன்று தேவியரும் வாழும் ஊருக்குப் போகாதே என்று எந்த மனைவியாவது தடுப்பாளா? கண்ணகியின் வாயில் அந்தச் சொல் வசையாக இருந்தால்தான் காட்சிக்கு உயிர். சுவாமிகளுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அவர் அன்று காப்பாற்றியது பாட்டை அன்று, நாடகம் தடையின்றி நடப்பதை. மேலே சொன்ன தர்க்கப் பயிற்சியெல்லாம் ஆசிரியருக்கே உதவிய சந்தர்ப்பம் இது.

பம்மல் சம்பந்த முதலியார்தானே நாடகத்தின் தந்தை? இவங்க ரெண்டு பேருல யார் பெரியவர்?

ஒப்பிடுவது வீண். 1873இல் பிறந்த முதலியார் வழக்கறிஞர், பிறகு நீதிபதி. அவருடைய சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் வேறு தொழில் உள்ள படித்தவர்கள். நாடகம் அவர்களுக்குப் பிழைப்பு அன்று. அவர் உரைநடை நாடகத்தை வளர்த்தார். நேரக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்.

சுவாமிகளைச் சுற்றி இருந்தவர்களுக்கு நாடகம்தான் சோறு. அன்றைய வசூல் இல்லாவிட்டால் அடுத்த ஊருக்கு வண்டிக் கூலி கொடுக்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் காசு கொடுத்து வந்து உட்கார்ந்த கொட்டகைக்காக அவர் எழுதினார். இசையை விட்டு அவர் உரைநடைக்குப் போகவில்லையே என்று குறை சொல்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசிக் காலத்துல ரொம்பக் கஷ்டப்பட்டாரா?

1921இல் பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கியது, பேச்சும் போயிற்று. ஒவ்வொரு சொல்லையும் வாயால் சொல்லிச் சொல்லியே பாடம் கொடுத்த ஆசிரியருக்கு இது நேர்ந்தது. அந்த நிலையிலும் கம்பெனியோடேயே இருந்தார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துவது இன்றும் நடக்கிறது.

இப்போ திருவிழாவுல போடுற வள்ளி திருமணம் அவர் எழுதினதுதானா?

அவர் எழுதியதுதான், அவர் எழுதியபடி அன்று.

ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. நாரதர் ஓர் ஊரிலிருந்தும், வள்ளி இன்னோர் ஊரிலிருந்தும், வேலன் (முருகன்) மூன்றாவது ஊரிலிருந்தும், பபூனும் (கோமாளி) டான்ஸ் ஆடுகிறவரும் வேறெங்கிருந்தோவும் வருவார்கள். ஒத்திகை என்பதே இல்லை. ஒருமுறை இலுப்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வள்ளியாக நடிக்க வந்த அம்மா இரவு பத்தரை மணிக்குத்தான் பேருந்திலிருந்து இறங்கினார். தகரப் பெட்டியின் மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, நாரதர் வேடக்காரரைப் பார்த்து, “அண்ணே, தர்க்கத்துல எந்தப் பாட்டை எடுக்கிறீங்க?” என்று கேட்டார். அவர் ஒரு பாட்டின் முதல் சொல்லை மட்டும் சொன்னார். அம்மா தலையாட்டினார். அவ்வளவுதான் அவர்கள் இருவருக்கும் நடந்த ஒத்திகை. பின்பாட்டுக்காரர் ஆர்மோனியத்தில் சுருதியை அழுத்தியதும், விடியும் வரை அந்த இருவரும் பிசகவே இல்லை.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்றால், எல்லாருக்கும் பொதுவான ஒரு பாடம் அடியில் இருப்பதால்தான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எந்தச் சொல் வந்தால் எதிராளி வர வேண்டும் என்ற எலும்புக்கூடு சுவாமிகளுடையது. அதன் மேல் போர்த்தும் சதை அன்றைய நடிகருடையது: சினிமா மெட்டு வரும், உள்ளூர்ச் செய்தி வரும், பபூனின் இரட்டை அர்த்தமும் வரும். முன்பு சொன்னபடி, நடிகரின் நாக்கைக் கட்டுவதற்காக எழுதத் தொடங்கினார் அவர். அவருடைய நாடகங்களோ, நடிகருக்கு நாக்கு மிகவும் தாராளமாக இருக்கும் மேடையில்தான் நூறாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கின்றன. இதை அவர் ரசித்திருப்பாரா என்று கேட்டால், முதல் ஒரு மணி நேரம் கோபப்பட்டிருப்பார் என்றே தோன்றுகிறது.

சினிமாவுக்கும் இவருக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

தமிழ்ப் பேசும் படம் 1931இல்தான் வந்தது; அவர் அதைப் பார்க்கவில்லை. ஆனால் தொடக்க காலப் படங்கள் பலவற்றின் கதைகள் அவருடைய மேடையில் பழகியவை. 1933இல் வள்ளி திருமணம் படமாயிற்று. 1934இல் எம். கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு அறிமுகமான பவளக்கொடியும் மேடையில் அவர் நடித்து வந்த நாடகமே. ஆரம்பப் படங்களில் பாட்டுகள் அத்தனை இருந்ததற்கு இந்த மேடை வழக்கமே காரணம்.

2019 நடிகர் சங்கத் தேர்தல்ல ‘சுவாமி சங்கரதாஸ் அணி’ன்னு ஒண்ணு நின்னுதே, அவர்தானா இவர்?

அவரேதான். அந்த ஆண்டில்தான் பல இளைஞர்கள் இந்தப் பெயரை முதல்முறை கேள்விப்பட்டார்கள். அதற்கு முன்பே மதுரையில் தமுக்கத்தருகே சிலையும், அவர் பெயரில் நாடக நடிகர் சங்கமும் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியும் அவர் பெயரைத் தாங்கியது.

அவர் நாடகத்தைப் புத்தகமா வாங்கிப் படிச்சேன். சலிப்பா இருந்தது. இவ்வளவு பேசுற அளவுக்கு அதில் என்ன இருக்கு?

நேர்மையான கேள்வி. கண்ணால் படித்தால் சலிக்கத்தான் செய்யும். ஒருவர் பேசியதையே மற்றவர் பாட்டில் திரும்பச் சொல்வார். விருத்தம் ஒரு செய்தியைச் சொல்லும், அடுத்து வரும் பாட்டு அதையே நீட்டும், அதற்கடுத்த வசனம் அதையே விளக்கும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் இருப்பவருக்கு விருத்தத்தில் தவறியது வசனத்திலாவது கேட்க வேண்டும் என்பது இதன் பயன்களில் ஒன்று. இன்னொன்று, எல்லாருக்கும் தெரிந்த கதையில் (மேலே பார்த்தோம்) சுவை இருப்பதே திரும்பச் சொல்லும் விதத்தில்தான்.

ஆகவே ஒரு முயற்சி செய்து பாருங்கள். வள்ளி, நாரதர் தர்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவரையும் துணைக்கு அழைத்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, வாய்விட்டு மாற்றி மாற்றிப் படியுங்கள். பாடத் தெரியாவிட்டால் குற்றமில்லை. எதுகையில் அழுத்தம் கொடுத்தால் போதும். நான்காவது, ஐந்தாவது மாற்றத்தில், எதிரே இருப்பவர் முடிக்கும் முன்பே உங்கள் வரியைத் தொடங்க வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கே வரும்.